சோதனைத் திட்டமும் முடிவின் தகுதியும்

ஒரு செயலைத் தொடர்ந்து ஒரு விளைவு தோன்றினால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று துணிந்துவிடுவது மனித மனத்தின் இயல்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி நம் முன்னோர் எச்சரித்திருந்தும், அவ்வியல்பு நம்மை விட்டு அகன்றபாடில்லை. மருந்து உண்டவன் பிழைத்தான், ஆகவே மருந்தே அவனைப் பிழைப்பித்தது என்கிறோம்; புதிய உரம் இட்ட வயல் மிகுதியாக விளைந்தது, ஆகவே உரமே அதை விளைவித்தது என்கிறோம். மருந்து உண்ணாதிருந்தால் அவன் நிலை என்னவாகியிருக்கும், உரம் இடாதிருந்தால் அவ்வயல் எவ்வளவு விளைந்திருக்கும் என்னும் வினாவுக்கு விடை காணாதவரையில் இவ்விரு கூற்றுகளும் அனுமானங்களேயன்றி நிரூபணங்கள் ஆகா. அவ்விடையை நேரில் காண்பதற்கோ வழியில்லை. ஒரே மனிதன் ஒரே காலத்தில் மருந்து உண்டவனாகவும் உண்ணாதவனாகவும் இருக்க முடியாது. ஒரே வயல் ஒரே பருவத்தில் உரம் பெற்றதாகவும் பெறாததாகவும் இருக்க முடியாது.

காண முடியாத அந்த மறுபாதியைக் கண்டதற்கு ஈடாக ஏதேனும் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் பரிசோதனைத் திட்டம் என்னும் கலை பிறந்தது. இக்கலையைப் பற்றிப் பொதுவாக நிலவும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. விஞ்ஞானி தன் விருப்பப்படி சோதனையை நடத்தி அளவுகளைத் திரட்டிக் கொடுப்பான், அதன்பின் கணித வல்லுநர் வந்து அவ்வளவுகளிலிருந்து உண்மையைப் பிழிந்தெடுப்பார் என்பதே அது. இந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறானது. ஒரு பரிசோதனையின் முடிவுக்குரிய தகுதி, அளவுகளைத் திரட்டிய பிறகு செய்யும் கணக்கினால் உண்டாவதில்லை. எதனை எதனோடு ஒப்பிடுவது, யாருக்கு எதை அளிப்பது என்பதை யார் எவ்வாறு தீர்மானிப்பது, எத்தனை முறை மீளச் செய்வது, விளைவை யார் அளப்பது ஆகியவற்றை முடிவு செய்யும் அந்நாளிலேயே, முதல் அளவு எடுக்கப்படுவதற்கு முன்பே, அது பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது. இக்கருத்தைச் சென்ற நூற்றாண்டில் நடைபெற்ற சில பரிசோதனைகளின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஏக்கர் நிலத்தின் சாட்சியம்

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்திலுள்ள ரோத்தம்ஸ்டெட் என்னும் பண்ணையில், ஜான் பென்னெட் லாஸ் என்பவர் ஜோசப் ஹென்ரி கில்பர்ட் என்ற இரசாயன நிபுணரின் துணைகொண்டு 1843-இல் உரப் பரிசோதனைகளைத் தொடங்கினார். அங்குள்ள பிராட்பாக் என்னும் வயலில் ஆண்டுதோறும் கோதுமையே விதைக்கப்பட்டது. ஒரு பகுதிக்குத் தொழுவுரம், வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு செயற்கை உரங்கள், ஒரு பகுதிக்கு உரமே இல்லை என்று வயல் பிரிக்கப்பட்டிருந்தது. உழைப்பிலும் விடாமுயற்சியிலும் ஒப்புயர்வற்ற அப்பரிசோதனையில், ஒவ்வோர் உரத்திற்கும் ஒரே ஒரு பாத்திதான் ஒதுக்கப்பட்டது. பத்து மடங்கு வேறுபாட்டைக் காட்டுவதற்கு அத்தகைய அமைப்புப் போதுமானது. ஆனால் பத்துக்கு ஒன்று அளவிலான சிறு வேறுபாடு உரத்தால் வந்ததா, அப்பாத்தியின் மண்வாகினால் வந்ததா என்று கேட்டால், அவ்வமைப்பு எக்காலத்திலும் விடை கூறாது. நூறாண்டுகள் தொடர்ந்து விதைத்தாலும் அந்தப் பாத்தியின் மண் அந்தப் பாத்தியின் உரத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தே கிடக்கும்.

மண்வாகினால் விளையும் வேறுபாடு அற்பமானது என்று எண்ணி அதை ஒதுக்கிவிடலாமா? இவ்வினாவுக்கு ரோத்தம்ஸ்டெட்டிலேயே விடை கிடைத்தது. மெர்சர், ஹால் என்னும் இருவர் 1911-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே விதை, ஒரே உரம், ஒரே உழவு பெற்ற ஓர் ஏக்கர் கோதுமை வயலை 500 சிறு பாத்திகளாகப் பிரித்துத் தனித்தனியே அறுவடை செய்து நிறுத்துப் பார்த்தனர். ஒரே சீராக இருக்க வேண்டிய அந்த ஐந்நூறு பாத்திகளின் தானிய விளைவு, மிகக் குறைந்த பாத்தியில் 2.73 ராத்தலாகவும் மிகுந்த பாத்தியில் 5.16 ராத்தலாகவும் இருந்தது. எவ்வித வேறுபாடும் செய்யாத இடத்தில் ஏறக்குறைய இருமடங்கு வேறுபாடு தோன்றுமானால், ஓர் உரத்தை ஒரு பாத்தியிலும் மற்றோர் உரத்தை அடுத்த பாத்தியிலும் இட்டு, எது அதிகம் விளைந்ததோ அதுவே சிறந்த உரம் என்று தீர்ப்பளிப்பவன் எத்தகைய மயக்கத்திற்கு ஆளாவான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பிஷர் வகுத்த நெறிகள்

இந்த ரோத்தம்ஸ்டெட்டுக்கு, குவிந்து கிடந்த பழைய பதிவேடுகளை ஆராயும் பொருட்டு, 1919-இல் ரொனால்டு அய்ல்மர் பிஷர் என்னும் இளம் கணித அறிஞர் வந்து சேர்ந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அளவுகளைக் கணித்துக் கணித்து அவர் கண்ட பேருண்மை, எவ்வளவு நுட்பமான கணிதமும் திட்டத்தில் விடுபட்டதைப் பின்னர் ஈடுசெய்ய மாட்டாது என்பதே. ஆகவே அவர் பதிவேடுகளைவிட்டு வயலை நோக்கித் திரும்பினார்; 1926-இல் வயற்பரிசோதனைகளை அமைக்கும் முறையைப் பற்றி ஒரு கட்டுரையும், 1935-இல் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றி ஒரு முழு நூலும் எழுதி, இத்துறைக்கு அடித்தளமான மூன்று நெறிகளை நிலைநாட்டினார்.

முதலாவது, மீளச் செய்தல். ஒவ்வோர் உரத்தையும் பல பாத்திகளில் இட வேண்டும். இதனால் சராசரியின் துல்லியம் கூடுகிறது என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன், ஒரே உரம் பெற்ற பாத்திகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிவதால், தற்செயலான வேறுபாட்டின் அளவை அந்தச் சோதனையே நமக்கு அறிவிக்கிறது என்பது. அவ்வளவுகோல் கையில் இல்லாதவன், உரங்களுக்கிடையே காணும் வேறுபாடு பெரிதா சிறிதா என்று கூறும் உரிமையற்றவன்.

இரண்டாவது, தொகுதிகளாகப் பிரித்தல். வயலின் மேட்டுப்பகுதியும் பள்ளப்பகுதியும் வேறுபடும் என்பது உழவனுக்குத் தெரியுமாகையால், ஒத்த தன்மையுடைய அண்டைப் பாத்திகளை ஒரு தொகுதியாக்கி, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா உரங்களும் இடம்பெறச் செய்துவிட்டால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லா உரங்களையும் சமமாகத் தாக்கி, ஒப்பீட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. நமக்குத் தெரிந்த வேறுபாடுகளை இவ்வாறு விலக்கிவிடலாம்.

ஆனால் நமக்குத் தெரியாத வேறுபாடுகளை என் செய்வது? இதற்கு விடையாக அமைந்ததே மூன்றாவது நெறியாகிய சமவாய்ப்பு ஒதுக்கீடு. தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளர் தம் அறிவைக் கொண்டு தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோன்ற, எவருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாத ஒரு முறைக்கு விட்டுவிட வேண்டும் என்றார் பிஷர். பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த ஒரு நிபுணர் தம் அனுபவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சீட்டின் முடிவுக்குத் தலைவணங்க வேண்டும் என்பது அக்காலத்தவருக்கு அறிவுக்கு ஒவ்வாத செயலாகத் தோன்றியதில் வியப்பில்லை. எனினும் அதன் நியாயம் ஆழமானது. நிபுணருடைய அறிவு எவ்வளவு பரந்ததாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பாலுள்ள காரணங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதை அவர் அறியார். சமவாய்ப்பினால் ஒதுக்கும்போதோ, அறிந்த காரணங்களும் அறியாத காரணங்களும் எந்தப் பக்கத்துக்கும் சார்பின்றிப் பரவுகின்றன. தற்செயலாக ஒரு பக்கம் சற்று மிகுந்துவிட்டாலும், அவ்வாறு மிகுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதைக் கணிதத்தால் அளந்துவிட முடிகிறது. நிகழ்தகவுக் கணக்கைச் சோதனையில் கையாளும் அதிகாரத்தையே நமக்குத் தருவது இந்த ஒதுக்கீடுதான்.

ஒரு சோதனையில் ஒரு கேள்வியை மட்டுமே கேட்க வேண்டும் என்ற பழைய கொள்கையையும் பிஷர் மறுத்தார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் இடுவது, இடாதது என்னும் இருநிலைகளில் சேர்த்தால் எட்டுக் கூட்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு கூட்டையும் நான்கு முறை மீளச் செய்தால் 32 பாத்திகள் ஆகும். இவற்றில் தழைச்சத்தின் பயனை அறிய 16 பாத்திகளை 16 பாத்திகளோடு ஒப்பிடலாம். மணிச்சத்துக்கும் அதே 32 பாத்திகள் உதவும். சாம்பல்சத்துக்கும் அவையே உதவும். மூன்று தனிச் சோதனைகளுக்கு உரிய நிலத்தை ஒரே சோதனை மிச்சப்படுத்துவதோடு, தழைச்சத்து இருக்கும் இடத்தில் மட்டுமே மணிச்சத்துப் பயன் தருகிறதா என்பதுபோன்ற, ஒன்றை ஒன்றாக ஆராய்பவனுக்கு என்றுமே வெளிப்படாத இடைவினைகளையும் அது வெளிப்படுத்துகிறது.

எட்டுக் கோப்பைத் தேநீர்

முடிவுகளை ஆராயும் முறைக்குப் பிஷர் தம் நூலில் எடுத்தாண்ட உதாரணம் புகழ்பெற்றது. கோப்பையில் முதலில் பால் ஊற்றப்பட்டதா, தேநீர் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே கூறிவிட முடியும் என்று ஒரு மாது சொல்கிறார். எட்டுக் கோப்பைகளில் நான்கில் பாலை முதலிலும் நான்கில் தேநீரை முதலிலும் ஊற்றி, சமவாய்ப்பு முறையில் வரிசைப்படுத்தி அவரிடம் கொடுத்து, பால் முதலில் ஊற்றப்பட்ட நான்கைப் பிரித்தெடுக்கச் சொல்கிறோம். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்குவதற்கு 70 வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று மட்டுமே முற்றும் சரியானது. ஆகவே சுவையறியும் ஆற்றல் ஒரு சிறிதும் இல்லாதவர் வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாக எடுத்துவிடுவதற்கான வாய்ப்பு எழுபதில் ஒன்று. நான்கில் மூன்றேனும் சரியாக எடுப்பதற்கான வாய்ப்போ எழுபதில் பதினேழு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று. எனவே நான்கையும் சரியாகச் சொன்னால் அவர் கூற்றுக்கு மதிப்பளிக்கலாம். மூன்றைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக மதிப்பளிக்க இயலாது.

இச்சிறு உதாரணத்தில் கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த முடிவுகள் யாவும் அம்மாது முதற்கோப்பையை எடுப்பதற்கு முன்பே கணக்கிடத்தக்கவை என்பதே. நான்கே கோப்பைகளை வைத்துச் சோதித்திருந்தால், வெறும் ஊகத்தால் வெல்லும் வாய்ப்பு ஆறில் ஒன்றாகிவிடும்; அத்தகைய சோதனையில் அவர் முழு வெற்றி பெற்றாலும் அது யாரையும் நம்பச் செய்யாது. எந்த விளைவு கிடைத்தாலும் நம் சந்தேகத்தைத் தீர்க்காத சோதனையைச் செய்வது வீண் உழைப்பு. அதை முன்கூட்டியே அறியும் வழி இருக்கும்போது அறியாமல் செய்வது பொறுப்பின்மை. 1938-இல் கல்கத்தாவில் கூடிய இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய பிஷர், சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரை நாடுவது பெரும்பாலும் பிணப்பரிசோதனை செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும் என்ற கருத்துப்படப் பேசியது இதனால்தான்.

இருபதினாயிரம் குழந்தைகள்

பெருந்தொகையாக அளவுகளைத் திரட்டிவிட்டால் திட்டத்தின் குறைகள் தாமே மறைந்துபோகும் என்று கருதுவோருக்கு, 1930-இல் ஸ்காட்லாந்தின் லானர்க்ஷயர் மாவட்டத்தில் நடந்த பால் பரிசோதனை சிறந்ததொரு பாடம். பள்ளிக் குழந்தைகளின் வளர்ச்சிக்குப் பால் எவ்வளவு உதவுகிறது என்பதை அறிய, 67 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 20,000 குழந்தைகளைக் கொண்டு நான்கு மாதங்கள் அது நடத்தப்பட்டது. ஐயாயிரவருக்கு நாள்தோறும் முக்கால் பைண்ட் காய்ச்சாத பாலும், ஐயாயிரவருக்கு அதே அளவு பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலும் அளிக்கப்பட்டன. எஞ்சிய பதினாயிரவர் பால் பெறாத ஒப்பீட்டுக் குழுவினர். எல்லாக் குழந்தைகளின் உயரமும் எடையும் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்கப்பட்டன.

பால் யாருக்கு என்பதைச் சில பள்ளிகளில் சீட்டுப் போட்டும், சிலவற்றில் பெயரின் அகரவரிசைப்படியும் தீர்மானித்தனர். அத்தோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் அவ்வாறு அமைந்த குழுவில் ஊட்டம் மிகுந்தவர்களோ குறைந்தவர்களோ அளவுக்கு மீறி இருப்பதாகத் தோன்றினால், சிலரை மாற்றிச் சமன்செய்துகொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு அளிக்கப்பட்ட அந்த அனுமதியே சோதனையின் அடித்தளத்தைச் சிதைத்தது. வாடிய முகமுடைய ஏழைக் குழந்தையைக் காணும் ஆசிரியர், அதைப் பால் பெறும் பக்கத்தில் சேர்க்க விரும்புவது மனித சுபாவம். அவர் அறிந்தே செய்திருக்க வேண்டும் என்பதுமில்லை. இதன் பயனாக, சோதனை தொடங்கும் நாளிலேயே, பால் பெறாத குழந்தைகள் பால் பெறும் குழந்தைகளைவிட எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முந்தி நின்றனர்.

இக்குறையை 1931-இல் விரிவாக எடுத்துக்காட்டியவர், ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதிவந்த வில்லியம் சீலி காசெட். டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிக்கொண்டே புள்ளியியலுக்கு அரிய பங்களிப்புகளை நல்கியவர் அவர். மற்றொரு நுட்பத்தையும் அவர் கண்டார். குழந்தைகள் உடையோடு நிறுக்கப்பட்டனர். முதல் நிறுவை பிப்ரவரியின் குளிரிலும் இரண்டாவது ஜூன் மாத வெயிலிலும் நடந்தன. வசதியுள்ள வீட்டுக் குழந்தை குளிர்காலத்தில் கனத்த உடை அணிந்து, கோடையில் அதைக் களைந்துவிடும். ஏழைக் குழந்தைக்குக் களைவதற்குரிய கனத்த உடையே கிடையாது. பால் பெறாத பக்கத்தில் வசதியுள்ளோர் மிகுந்திருந்தால், உடையின் எடை குறைவதனாலேயே அப்பக்கத்தின் வளர்ச்சி குறைந்ததுபோலத் தோன்றும். பாலுக்கு உரியதல்லாத புகழும் பாலுக்குச் சேரும். இருபதினாயிரம் என்னும் எண்ணிக்கை இப்பிழையைச் சிறிதும் குறைக்கவில்லை; தற்செயலான வேறுபாடு எண்ணிக்கை பெருகப் பெருகச் சுருங்குமேயன்றி, ஒருபக்கச் சாய்வு சுருங்குவதில்லை; பெரிய எண்ணிக்கை அச்சாய்வுக்கு இல்லாத உறுதியைத்தான் தருகிறது. ஒருகருவில் உதித்த இரட்டைக் குழந்தைகளில் ஐம்பது இணைகளைத் தேர்ந்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டும் சமவாய்ப்பு முறையில் பால் கொடுத்திருந்தால், மிகச் சிறிய செலவில் இதைவிட நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும் என்று காசெட் சுட்டிக்காட்டினார்.

உறைக்குள் மறைந்த ஒதுக்கீடு

வயலில் பிறந்த நெறி மருத்துவமனைக்குள் புகுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. காசநோய்க்கு எதிரான முதல் ஆற்றல்மிக்க மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டபோது, போரினால் நலிந்திருந்த பிரிட்டனால் அதைச் சிறிதளவே பெற முடிந்தது. கிடைத்த மருந்து எல்லா நோயாளிகளுக்கும் போதாது என்ற அந்நிலையே, ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனையை அறத்துக்கு உடன்பட்டதாக ஆக்கியது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் புள்ளியியலாளரின் வழிகாட்டுதலில் நடத்தி 1948-இல் வெளியிட்ட அச்சோதனையில், 55 நோயாளிகள் படுக்கை ஓய்வோடு மருந்தும், 52 நோயாளிகள் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர்.

ஹில் வகுத்த திட்டத்தின் சிறப்பு மறைவில் இருக்கிறது. ஒருவர் விட்டு ஒருவருக்கு மருந்து அளிப்பது என்ற பழைய முறையில், அடுத்து வரும் நோயாளி எந்தப் பக்கம் சேர்வார் என்பது மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடுமாகையால், தம் உள்ளத்தின் சாய்வுக்கு ஏற்ப அவர் ஒருவரைச் சோதனையில் சேர்க்கவோ விலக்கவோ இடமுண்டாகிறது. ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒதுக்கீட்டைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் மூடிய உறைக்குள் இட்டு வைத்தார். நோயாளி சோதனைக்குத் தகுதியானவர் என்று ஏற்கப்பட்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. மார்பின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும், எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியாது. லானர்க்ஷயரில் ஆசிரியரின் இரக்கம் புகுந்த வாயில் இங்கே அடைக்கப்பட்டது.

ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் நால்வரும், பெறாதவர்களில் பதினால்வரும் இறந்திருந்தனர். எக்ஸ்ரே படத்தில் கணிசமான முன்னேற்றம் கண்டவர்கள் முன்னோரில் நூற்றுக்கு 51, பின்னோரில் நூற்றுக்கு 8. ஆயினும் கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுவிடுவதையும் அதே சோதனை வெளிப்படுத்தியது. தொடர்ந்து கவனித்தபோது, தொடக்கத்தில் கண்ட பெரும் நன்மை ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்தது. ஒப்பீட்டுக் குழு இருந்ததனாலேயே நன்மையையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிய முடிந்தது. ஒரே மருந்தை நம்பாமல் மருந்துகளைச் சேர்த்து அளிக்க வேண்டும் என்னும் அடுத்த ஆராய்ச்சிக்கு வழியும் பிறந்தது.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் சென்னையில் நிகழ்ந்தது. காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் சத்துணவும் பூரண ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவைப்பதே உயர்ந்த சிகிச்சை என்பது அக்காலத்து மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. இந்தியாவிலோ நோயாளிகளின் தொகை லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கும் போதாதிருந்தன. வீட்டிலேயே இருந்து மருந்துண்டால் நோய் குணமாகுமா, நெருக்கமான குடிசையில் உடன் வாழும் குழந்தைகளுக்கு அதனால் தீங்கு நேருமா என்ற இரு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் நாட்டுக்குரிய திட்டம் எதையும் வகுக்க இயலாது.

இதற்காக 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்து, சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அதன் தொடக்க ஆண்டுகளில் ஆராய்ச்சியை வழிநடத்தினார். சென்னை நகரத்து ஏழை மக்களிடையே கண்டறியப்பட்ட, இருநூற்றுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மறுபகுதியினர் தம் வீட்டிலும் இருந்தபடி, ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். மருந்து ஒன்றே, இடமும் உணவும் ஓய்வுமே வேறு. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையாலும், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் செல்வதாலும் அறிந்துகொண்டனர். குடும்பத்தாரும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர்.

1959-இல் வெளியான முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஓராண்டுக்குப் பின் நோய் அடங்கிக் கிருமி நீங்கிய நிலையை எய்தியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. சானடோரியத்தில் இருந்தோர் மேலான உணவு பெற்று உடல் எடையும் கூடப் பெற்றிருந்தனர். எனினும் நோய் தணிவதில் அந்த மேன்மை பெரிதாகப் பிரதிபலிக்கவில்லை. உடன் வாழ்ந்தோருக்கும், வீட்டுச் சிகிச்சையால் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து நேரவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது என்பது தெளிவாயிற்று.

இங்கே 92-க்கும் 86-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எவ்வாறு வாசிப்பது என்பதில், பகுப்பாய்வு என்னும் கலையின் சாரம் முழுதும் அடங்கியிருக்கிறது. இறுதிக் கணக்கில் ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ எண்பது பேர் என்று கொண்டால், இந்த ஆறு விழுக்காட்டு வேறுபாட்டின் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் அது முன்பின்னாக மாறக்கூடிய அளவு, சுமார் ஐந்து விழுக்காடு ஆகிறது. ஆகவே இது தற்செயலாக எளிதில் தோன்றக்கூடிய வேறுபாடுதான். ஆனால் தற்செயலாக இருக்கலாம் என்பதனால் இரண்டு சிகிச்சைகளும் சமமானவை என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஆறு விழுக்காட்டிலிருந்து திட்டப்பிழையின் இருமடங்கை இருபுறமும் தள்ளிப் பார்த்தால், சானடோரியத்தின் உண்மையான மேன்மை பதினாறு விழுக்காடு வரையிலும் இருக்கலாம். மாறாக வீடே நான்கு விழுக்காடு மேலானதாகவும் இருக்கலாம். கிடைத்த அளவுகள் இந்த எல்லைகளுக்குள் அடங்கும் எதற்கும் இசைவானவையே. வேறுபாடு நிரூபிக்கப்படவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. சென்னை ஆராய்ச்சியின் பெருமை, சமத்துவத்தை நிரூபித்ததில் இல்லை. வீட்டுச் சிகிச்சையால் நூற்றுக்கு 86 பேர் நலம் பெறுகின்றனர் என்றும், சானடோரியத்தின் மேன்மை மெய்யேயாயினும் அது ஒரு வரம்புக்கு உட்பட்டதே என்றும் காட்டி, படுக்கையே கிடைக்காத பெருந்திரளான மக்களின் நிலையோடு அந்த வரம்பை ஒப்பிட்டு முடிவு செய்யும் ஆற்றலை அரசாங்கங்களுக்கு அளித்ததில் இருக்கிறது. எண் சொல்லக்கூடியது இவ்வளவே. அதற்குமேல் தேவைப்பட்டது மனித விவேகம். 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டதற்கு இவ்வாராய்ச்சி முக்கிய ஆதாரமாயிற்று.

கணக்கின் ஒழுக்கம்

திட்டம் செம்மையாக அமைந்தபின், கணக்கிடுவோன் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள் சில உண்டு. ஒதுக்கீடு எவ்வாறு நடந்ததோ அவ்வாறே கணக்கும் நடைபெற வேண்டும். வீட்டுச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட ஒருவர் இடையில் மருந்தை நிறுத்திவிட்டார் என்பதற்காக அவரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், சமவாய்ப்பினால் அரிதிற் பெற்ற சமநிலையை நாமே கலைத்தவர்களாவோம். விடாது மருந்துண்பவர்களும் விட்டுவிடுபவர்களும் தொடக்கம் முதலே வேறுபட்ட மனிதர்கள்.

எந்த விளைவைப் பிரதானமாக அளக்கப்போகிறோம் என்பதை முன்னரே அறிவித்துவிட வேண்டும் என்பது மற்றோர் ஒழுக்கம். தற்செயலால் இருபதில் ஒரு முறைக்கு மேல் தோன்றாத வேறுபாட்டைக் கவனத்துக்குரியதாகக் கொள்ளலாம் என்ற வழக்கம் பிஷரின் எழுத்துகளால் பரவியது. ஆனால் பயனே இல்லாத ஒரு மருந்தை, ஒன்றையொன்று சாராத இருபது விளைவுகளைக் கொண்டு சோதித்தால், அவற்றுள் ஒன்றிலேனும் அத்தகைய வேறுபாடு தோன்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 64 ஆகிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து வெளியிட்டு மற்றப் பத்தொன்பதையும் மறைப்பவன், ஒரு கணக்கையும் தவறாகப் போடாமலேயே பொய்யுரைத்தவனாகிறான். 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில், உளவியல் இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் நூற்றுக்கு 97 பொருட்படுத்தத்தக்க விளைவைக் காட்டியிருக்க, மறுசோதனைகளில் 36 மட்டுமே அவ்வாறு காட்டின. விளைவுகளைப் பொறுக்கி வெளியிடும் கேட்டைத் தடுக்கவே, மருத்துவச் சோதனைகளைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யும் முறை பல நாடுகளிலும் ஏற்பட்டது. இந்தியாவிலும் 2007-இல் அத்தகைய பதிவேடு தொடங்கி, 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

நம் கல்லூரிகளில் புள்ளியியலைக் கற்பிக்கும்போது, கொடுக்கப்பட்ட எண்களை வைத்துக் கணக்குப் போடும் பயிற்சியே பெரும்பகுதியாக அமைந்துவிடுகிறது. அந்த எண்கள் எவ்வாறு பிறந்தன என்று கேட்கும் பயிற்சி அருகிப்போகிறது. முறைமை தலைகீழாக வேண்டும். மாணவன் முதலில் ஒரு சோதனையைத் தானே வகுத்து, எத்தகைய விளைவு தன் கருத்தைப் பொய்யாக்கும் என்பதை எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகே அளவுகளைத் தொடட்டும். செய்தித்தாளில் ஒரு மருந்தின் புகழைப் படிக்கும் பொதுமக்களும், யாரோடு ஒப்பிட்டார்கள், யாருக்கு மருந்து என்பதை எது தீர்மானித்தது, எதை அளப்பது என்று முன்பே சொன்னார்களா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகட்டும். இவற்றைக் கேட்பதற்குக் கணிதப் புலமை வேண்டுவதில்லை.

சோதனைக்குத் தம் உடலை ஒப்படைக்கும் நோயாளி, தம்மால் பிறருக்குப் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஒப்படைக்கிறார். திட்டக் குறைவால் எந்த உண்மையையும் தரமாட்டாத சோதனையில் அவரை ஈடுபடுத்துவது அந்த நம்பிக்கைக்கு இழைக்கும் துரோகம். பின்னர் செய்யும் எந்தக் கணக்கும் அதற்குப் பரிகாரமாகாது. தன் விருப்பு வெறுப்புகள் தன் முடிவைத் தீண்டாதபடி தனக்குத் தானே முன்கூட்டி விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடே பரிசோதனைத் திட்டம். அக்கட்டுப்பாட்டுக்கு உட்படச் சம்மதிக்கும் ஆராய்ச்சியாளன் கூறும் சொல்லுக்கே, அவன் எதிர்பார்த்த முடிவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உலகம் செவிசாய்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.